மோர் குடித்தும் மஞ்சளாகாதவர்கள்

மக்கா,

நீ இப்போது பாயில் குப்புற விழுந்து என் லேப்டாப் வயரை எட்டிப் பிடிக்கப் பார்க்கிறாய். உனக்குப் பேச்சு வர இன்னும் நாளாகும். நான் எழுதுவது இந்தக் குழந்தைக்கு அல்ல. படிப்பு முடித்து, வேலைக்கோ கல்யாணத்துக்கோ இந்த வீட்டை விட்டு இறங்கப் பெட்டி கட்டுகிற பெரிய மனுஷிக்கு எழுதுகிறேன். அன்றைக்கு உன் அப்பனுக்கு, அதாவது எனக்கு, தலை நரைத்திருக்கும். சபைக் கமிட்டியில் அவனுக்கும் ஒரு நாற்காலி கிடைத்திருக்கும். நீ இந்தக் கதையைக் கேட்டால், "அதெல்லாம் கழிஞ்ச காரியம் மக்கா, குணசீலன் மாமா அடிப்படையில நல்ல மனுஷன்" என்று சொல்லித் தலையைத் தடவுவான். அவனை நம்பாதே. மறதியைப் பக்குவம் என்று பெயர் மாற்றி வைத்திருப்பான், அவ்வளவுதான். எனக்கு இன்றைக்குக் கோபம் சூடாக இருக்கிறது, எல்லாம் தெளிவாக நினைவிருக்கிறது. சபையின் அசன விருந்து நேற்றுத்தான் முடிந்தது. இன்றே எழுதிவிடுகிறேன்.

நான் செய்கிற வேலை என்ன என்று முதலில் சொல்கிறேன், ஏனென்றால் இந்தச் சண்டையை நான் அதை வைத்துத்தான் போட்டேன். தனுவச்சபுரம் கல்லூரிக்குப் பஸ் படியில் தொங்கிக்கொண்டு போய்ப் புள்ளியியல் படித்தேன். இப்போது திருவனந்தபுரத்தில் ஒரு கம்பெனியில், ஆஸ்பத்திரிகளுக்கான மென்பொருள் எழுதுகிறேன். ஒருவருடைய வயது, எடை, இரத்த அழுத்தம் எல்லாம் உள்ளே போட்டால், அவருக்கு இன்ன நோய் வர எவ்வளவு வாய்ப்பு என்று திரையில் வரும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஒரு முறை என் மேலதிகாரி வந்து, "இந்த எண்ணு ரொம்பச் சின்னதா இருக்கு, யாரும் பேடிக்க மாட்டாங்க, பயம் வரணும். 'இரு மடங்கு ஆபத்து'ன்னு போடு, சிவப்பில போடு" என்றார். ஆயிரம் பேரில் ஒருவருக்கு வருவது இரண்டு பேருக்கு வந்தாலும் இரு மடங்குதான். மீதி தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றெட்டுப் பேர் வீட்டில் சோறு தின்றுகொண்டிருப்பதை அந்தச் சிவப்பு எழுத்து சொல்லாது. போட மாட்டேன் என்றேன். வேறொருவனை வைத்துப் போட்டார்கள். அன்றிலிருந்து எனக்கு ஒரு கெட்ட பழக்கம்: யார் ஆபத்து என்று பேசினாலும், "எத்தனை பேரில்?" என்று கேட்பேன். இந்தக் கேள்வியை நான் சபையில் கேட்டபோதுதான் எல்லாம் தொடங்கியது.

போன வருட அசனத்துக்கு வருகிறேன். வருடத்தில் ஒரு நாள், ஆராதனை முடிந்ததும் ஆலய வளாகத்துப் பந்தலில் ஊர் முழுக்க ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும். அரிசி வீடுவீடாக வாங்கிச் சேர்த்தது. எந்தச் சபை, எந்தக் கோயில் என்று யாரையும் கேட்பதில்லை. சைவ வீட்டுக்காரர்களும் வந்து இலைக்கு முன்னால் உட்காருவார்கள். உன் அம்மா கல்யாணமாகி வந்த முதல் வருடத்திலிருந்தே அசனத்துக்கு மோர் கொண்டுபோவாள். சீரகம் போட்டுக் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில்தான் தயிரைக் கலக்குவாள். பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டுச் சேர்க்க மாட்டாள். இஞ்சியும் காந்தாரி மிளகாயும் இடித்துப் போட்ட அந்த மோருக்காகவே இரண்டாம் முறை இலை போடச் சொன்னவர்கள் உண்டு. போன வருடம் சபைச் செயலர் குணசீலன் மாமா தன் பங்குக்கு ஒரு புதுமை செய்தார். வாசலிலேயே எல்லோருக்கும் குளிர்ந்த நாரங்கா வெள்ளம். எலுமிச்சம்பழமும் சீனியும் ஆலயக் கணக்கில். ஐஸ் மட்டும் அவருடைய மச்சான் வழியாக, பூவாரிலிருந்து, பிக்கப் வண்டியில் சாக்கு போர்த்தி வந்தது. மீன்பெட்டிக்குப் போடுகிற ஐஸ். அதைச் சுத்தியலால் உடைத்து டிரம்மில் போடுவதை நானே பார்த்தேன். "மாமா, இது மீனுக்குள்ளதாக்கும்" என்று யாரோ சொன்னார்கள். "எலே, ஐஸ் ஐஸ்தான். குளுரில எந்தக் கிருமி வாழும்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். குளிரில் காமாலைக் கிருமி சுகமாக வாழும். ஆனால் அன்று அதை யாரும் சொல்லவில்லை.

அன்றைக்கு உன் அம்மா மோர்ப் பானையை இறக்கி வைத்துவிட்டுச் சமையல் பந்தலுக்குப் பின்னால் ஓடிப்போய் வாந்தி எடுத்தாள். அது நீ. உனக்கு முன்னால் ஒன்று தங்காமல் போயிருந்தது. அதனால் இந்த முறை மூன்று மாதம் தாண்டும்வரை ஒரு குஞ்சுக்கும் தெரியக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். அவள் வாந்தி எடுத்ததைப் பந்தலுக்குப் பின்னால் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண்கள் பார்த்தார்கள். "என்ன பிள்ளே?" என்று கேட்டதற்கு, "வெயிலு அக்கா, ஒண்ணுமில்ல" என்று சொல்லியிருக்கிறாள். அவள் அந்த வருடத்தில் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

ஏறக்குறைய ஒரு மாதம் கழித்து ஊரில் ஆட்கள் மஞ்சளாகத் தொடங்கினார்கள். முதலில் காய்ச்சல், சோற்றைக் கண்டால் குமட்டல், பிறகு கண் மஞ்சள். ஒரு வீட்டில் ஒருவர், அடுத்த வாரம் அதே தெருவில் நாலைந்து வீடு. எங்கள் சபை லில்லி அக்காவின் மகன் பிரபின், அசனத்தன்று சாலையில் நின்று வண்டிகளை ஒதுக்கிவிட்ட பையன், திருவனந்தபுரத்தில் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். சுகாதாரத் துறை ஆட்கள் வந்து கிணறுகளில் குளோரின் போட்டு, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்கள். இந்த நோய் உடம்புக்குள் போய் வெளியே தெரிய நாலு வாரமோ அதற்கு மேலுமோ ஆகலாம், எல்லோரும் ஒன்றாகச் சாப்பிட்டது எப்போது என்று யோசியுங்கள் என்றும் சொன்னார்கள். ஊர் யோசித்தது. அசனம் என்று கண்டுபிடித்தது. அதுவரை சரி.

அடுத்த ஞாயிறு, ஆராதனை முடிவில் அறிவிப்பு வாசிக்க குணசீலன் மாமா மைக்கைப் பிடித்தார். "நம்ம சபையில பரவியிருக்கிற மஞ்சப்பித்தத்தைக் குறிச்சு நாங்க விசாரிச்சோம். சோக்கேடு வந்த எல்லாரும் அன்னைக்கு வீட்டிலிருந்து கொண்டு வந்த மோரு குடிச்சவங்க. ஆகவே, இனிமேல் அசனத்துக்கு வீட்டுச் சாதனம் ஒண்ணும் கொண்டு வரக்கூடாதுன்னு கமிட்டி தீர்மானிச்சிருக்கு." பெயர் சொல்லவில்லை. சொல்ல என்ன தேவை? மோர் கொண்டுவந்த வீடு ஒன்றுதான். எங்களுக்கு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்த பிறகு, பார்க்காத மாதிரி திரும்பிக்கொண்டார்கள். உன் அம்மா பாட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

நான் எழுந்தேன். "மோரு குடிச்சிட்டு சோக்கேடு வராதவங்க எத்தனை பேரு?" என்று கேட்டேன்.

"என்னது?"

"சோக்கேடு வந்தவங்க எல்லாரும் மோரு குடிச்சாங்க, செரி. சோக்கேடு வராதவங்களும் குடிச்சாங்களே. அவங்கள எண்ணினீங்களா?"

"வராதவங்கள எதுக்கு மக்கா எண்ணணும்? அவங்களுக்குத்தான் வரல்லியே!"

சபை சிரித்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "கணக்கு சாரே, உக்காரும், பசிக்குது" என்றது. போதகர் ஆசீர்வாதம் சொல்லி முடித்தார்.

மக்கா, நீ வாழ்க்கையில் என்ன படித்தாலும், இந்த ஒரு முட்டாள்தனத்தை அடையாளம் காணப் படித்துக்கொள். நோய் வந்தவர்கள் எல்லோரும் அன்று சோறும் சாப்பிட்டார்கள். எல்லோரும் செருப்புப் போட்டிருந்தார்கள். எல்லோரும் ஜெபித்தார்கள். அப்படியானால் ஜெபத்தால் காமாலை வந்ததா? எல்லோரும் செய்த ஒரு காரியத்தை வைத்து யாரையும் குற்றம் சொல்ல முடியாது. செய்தவர்களில் எத்தனை பங்கு விழுந்தார்கள், செய்யாதவர்களில் எத்தனை பங்கு விழுந்தார்கள், இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மேலே நோயாளிகள், கீழே மொத்த ஆட்கள். கீழே உள்ள எண் இல்லாமல் மேலே உள்ளதை மட்டும் ஒருவன் சொன்னால், ஒன்று அவனுக்குத் தெரியாது, அல்லது உனக்குத் தெரியக்கூடாது என்று நினைக்கிறான். குணசீலன் மாமாவுக்கு எது என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன். தன் ஐஸைப் பற்றி அவர் மைக்கில் மூச்சு விடவில்லை.

பிறகு நடந்தவை சின்னச் சின்ன விஷயங்கள். அதனால்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. உன் அம்மா வீட்டு ஜெபக்கூட்டத்துக்குப் போனால், அவள் எடுத்துக் கொடுத்த சாயாக் கிளாஸை வாங்கிக் கீழே வைத்துவிடுவார்கள். பெண்கள் ஐக்கியத்தில் அவளுக்கிருந்த பொறுப்பை, "நீ கொஞ்சம் ரெஸ்ட் எடு பிள்ளே" என்று வாங்கிக்கொண்டார்கள். அசனத்தன்று அவள் வாந்தி எடுத்த கதை ஊருக்குள் நடந்தது. அவளுக்கு முன்பே சோக்கேடு இருந்திருக்கிறது, மறைத்துக்கொண்டு மோர் கலக்கியிருக்கிறாள் என்று அதற்குக் காலும் கையும் முளைத்தன. ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் அந்தக் கதை செத்துவிடும். "நான் கர்ப்பமாக இருக்கிறேன்." அவள் சொல்லவில்லை, என்னையும் சொல்ல விடவில்லை. உன்னைக் காப்பாற்ற வாயை மூடிக்கொண்டு அவள் அந்தப் பழியைச் சுமந்தாள். இதை நீ தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் லில்லி அக்கா எங்கள் படலைக்கு வெளியே வந்து நின்று கத்தினாள். மகன் ஆஸ்பத்திரியில் கிடக்கிறான், தூக்கமில்லை, எல்லாம் சரி. ஆனால் அவள் சொன்னது இதுதான்: "எனக்க பிள்ளைய இப்பிடிக் கெடத்தினியே, உனக்க வயித்தில ஒண்ணும் தங்காதுடீ!" உன் அம்மா அடுக்களையில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கை வயிற்றுக்குப் போனதை நான் பார்த்தேன்.

அந்த வாரமே ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும். தாளில், பிறக்கப்போகிற குழந்தைக்குக் குறைபாடு இருக்க "உயர் அபாயம்" என்று தடித்த எழுத்தில் அடித்திருந்தது. சிவப்பில்தான். உன் அம்மா அந்தத் தாளைப் படித்துவிட்டு, "லில்லி அக்கா சொன்னது பலிச்சிட்டு" என்றாள். அவள் அழுது நான் அதற்கு முன் பார்த்ததில்லை. நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டில், வெயிலில், ஒரு தூணில் சாய்ந்துகொண்டு அழுதாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னேன்: இந்தப் பரிசோதனை நோயைக் கண்டுபிடிக்காது, யாரை மேலும் சோதிக்க வேண்டும் என்று மட்டும் பிரிக்கும். இப்படி 'உயர்' என்று வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு ஒன்றும் இருப்பதில்லை. 'உயர்' என்றால் மற்றவர்களைவிட உயர்வு, அவ்வளவுதான். மலையடிவாரத்தில் ஒரு படி மேலே நிற்கிறவனும் உயரத்தில்தான் நிற்கிறான். அவள் கேட்டாள், "அப்பிடின்னா அதை ஏன் இவ்வளவு பெருசா அடிச்சு வெச்சிருக்கு?" என்னிடம் பதில் இருந்தது. நான் வேலை செய்கிற மாதிரி ஒரு கம்பெனியில் யாரோ சொல்லியிருப்பான், சிவப்பில் போடு என்று. அதைச் சொல்லவில்லை. அடுத்த பரிசோதனையில் உனக்கு ஒன்றும் இல்லை என்று வந்தது. ஆனால் அந்த நாட்களில் உன் அம்மா தின்ற பயத்துக்கு யாராவது விலை கொடுக்க வேண்டும் என்று பஸ் ஸ்டாண்டிலேயே தீர்மானித்துவிட்டேன். யார் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை.

நான் வீடுவீடாகப் போனேன். மரியாதையாக, சிரித்த முகத்துடன். பழிவாங்கப் போகிறவன் சிரித்துக்கொண்டு போவதுதான் நல்லது, கதவு திறக்கும். ஒரே கேள்விகள்தான்: அசனத்துக்கு வந்தீர்களா, மோர் குடித்தீர்களா, நாரங்கா வெள்ளம் குடித்தீர்களா, பிறகு காமாலை வந்ததா. வந்தவர்களிடமும் கேட்டேன், வராதவர்களிடமும் கேட்டேன். சிலர் முகத்தில் அடித்த மாதிரி கதவைச் சாத்தினார்கள். சிலர் உட்காரவைத்துப் பேசினார்கள்.

பாடகர் குழுதான் என் கண்ணைத் திறந்தது. பாடகர் குழுத் தலைவர் ஜெபசிங் சார் ஒரு கொடுங்கோலன். அசனத்தன்று மாலை பாட்டு ஆராதனை இருந்தது. தொண்டை கட்டிவிடும் என்று தன் பிள்ளைகள் ஒருவரையும் அந்த டிரம் பக்கம் விடவில்லை. "குளுந்தது ஒரு துள்ளி உள்ள போனா உன்னை வரிசையில இருந்து எடுப்பேன்னு சொன்னேனாக்கும்" என்றார். "அப்போ என்ன குடிச்சாங்க சார்?" "உன் பெண்டாட்டிக்க மோரு. ஆளுக்கு ரெண்டு, மூணு கிளாஸு." "யாருக்காவது மஞ்சப்பித்தம்?" அவர் யோசித்தார். விரலை மடக்கினார், மடக்கிய விரலை நீட்டினார். "யாருக்கும் இல்லியே" என்றார். அப்போதுதான் அவருக்கும் உறைத்தது.

மறுபக்கம், பிரபினும் அவனோடு சாலையில் வெயிலில் நின்ற வாலிபர்களும். அவர்கள் பந்திக்கு வரும்போது மோர் தீர்ந்துவிட்டது. ஆனால் நாரங்கா வெள்ளத்தைத் தூக்குவாளியில் கொண்டுபோய் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார்கள். ஒரு துளி மோர் படாத அந்தக் கூட்டத்தில் பாதிக்கு மேல் மஞ்சளாகிக் கிடந்தார்கள். மாமா மைக்கில் சொன்ன 'எல்லாரும்' அங்கேயே பொய்யானது. கடைசியாக வந்தவர்களுக்கு ஐஸ் தீர்ந்து, வெறும் பச்சைத் தண்ணீரில் புதிதாகக் கலக்கிக் கொடுத்தது. அவர்களில் அநேகமாக யாருக்கும் ஒன்றுமில்லை. எண்கள் உனக்கு வேண்டாம், வடிவம் போதும். மோர் குடித்தவர்களிலும் குடிக்காதவர்களிலும் நோய் வந்த பங்கு ஏறக்குறைய சமம், ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் ஒன்று. அதாவது மோருக்கும் நோய்க்கும் உறவு இல்லை. நாரங்கா வெள்ளத்தில் வகுத்துப் பார்த்தபோது பல மடங்கு. இந்த மடங்கை நான் சிவப்பில் போட்டேன், வெட்கமில்லாமல்.

தாளை எடுத்துக்கொண்டு குணசீலன் மாமாவிடம் போனேன். அவர் முற்றத்தில் ரப்பர் ஷீட் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தாளை வாங்காமலே பேசினார்.

"எலே, எனக்க அம்மாவும் அந்த நாரங்கா வெள்ளம் குடிச்சா. எண்பது வயசு. ஒண்ணும் வரல்லியே. உனக்க கணக்குப்படி அவளுக்கில்லியா மொதல்ல வரணும்?"

நல்ல கேள்வி, ஒப்புக்கொள்கிறேன். அதற்கும் பதில் கொண்டுபோயிருந்தேன். "வயசானவங்களுக்கு இது சின்னதிலயே வந்து போயிருக்கும் மாமா. அந்தக் காலத்துல குடிச்ச தண்ணி அப்பிடி. ஒரு தடவை வந்தா பிறகு வராது. வர வாய்ப்பே இல்லாத ஆளைக் கணக்குல சேக்கக்கூடாது. அதனால நான் முப்பது வயசுக்குக் கீழ உள்ளவங்கள மட்டும் தனியா எடுத்தும் பாத்தாச்சு. அப்பவும் உங்க ஐஸ்தான்."

அவர் ஷீட்டைக் கொடியில் இழுத்துவிட்டார். "ஐஸை யாரு டெஸ்ட் பண்ணினா?"

"உருகினதை எங்க போயி டெஸ்ட் பண்ணுது?"

"அப்போ தெளிவு இல்ல, சாட்சியும் இல்ல." பிறகு குரலை இறக்கி, "மக்கா, நீ படிச்ச பையன். விடு. நான் மைக்குல சொன்னத மாத்திச் சொன்னா கமிட்டிக்கு என்ன விலை? ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்து போவாங்க. மோரு தானே" என்றார்.

மோரு தானே. மக்கா, அந்த இரண்டு சொல்லுக்காகத்தான் மீதி எல்லாம். தெரியாமல் சொல்லியிருந்தால் ஒருவேளை விட்டிருப்பேன். அவருக்கு அன்று தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகும் உன் அம்மாவைவிட அந்த மைக் அவருக்குப் பெரிதாக இருந்தது.

நான் காத்திருந்தேன். நீ பிறந்தாய், முழுசாக, கொழுகொழுவென்று, ஊர் கேட்கிற தொண்டையோடு. பிரபினும் பிழைத்து வந்தான். எல்லோரும் சமாதானமானார்கள், மாமா சொன்ன மாதிரியே மறக்கவும் தொடங்கினார்கள். ஆனால் மறந்தது யாரை என்று பார். நாரங்கா வெள்ளத்தை மறந்தார்கள். உன் அம்மா நீட்டுகிற கிளாஸைக் கீழே வைப்பதை மறக்கவில்லை. பழி ஒரு நாள் மைக்கில் வந்தது, அதற்குப் பிறகு மைக் தேவைப்படவில்லை, பழக்கமாகிவிட்டது.

இந்த வருட அசனத்துக்கு ஒரு வாரம் முன்பு, ஆலயத்துக்குத் திரும்புகிற முக்கில் ஒரு பெரிய ஃபிளெக்ஸ் கட்டினேன். கல்யாண ஜோடிகளுக்கும் தேர்தலுக்கும் கட்டுகிற அதே அளவு. படம் இல்லை, யார் பெயரும் இல்லை. நாலு கட்டம். நாரங்கா குடித்து நோய் வந்தவர், வராதவர், குடிக்காமல் நோய் வந்தவர், வராதவர். கீழே மோருக்கும் அதே நாலு கட்டம், சின்னதாக. அதற்கும் கீழே ஒரு வரி: "சபையில் அறிவித்தது மோர். கணக்கு சொல்வது நாரங்கா வெள்ளம்." எதிரே இருந்த சாயாக்கடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இப்படி ஒரு சுகத்தை நான் எந்த மதிப்பெண்ணிலும் அனுபவித்ததில்லை.

"எலே, இது என்னது, வீட்டு பிளானா? நாலு முறி உண்டு" என்றார் ஒருவர்.

"முறி எல்லாம் செரி, இந்த ஒரு முறியில ஒண்ணு ரெண்டு ஆளுதானே இருக்கு?"

"அதாக்கும் அண்ணே விஷயம். நாரங்கா குடிக்காம சோக்கேடு வந்தவங்க முறி அது" என்றான் பக்கத்தில் இருந்த ஒரு பையன்.

"ஓ..." அவர் சாயாவை ஆற்றிக்கொண்டே கொஞ்ச நேரம் பார்த்தார். "அப்போ அந்தப் பிள்ளைக்க மோரு..."

"கீழ பாருங்க. மோரு குடிச்சவங்க, குடிக்காதவங்க, ரெண்டு பக்கமும் ஒரே பங்கு."

"ஐஸ் யாரு கொண்டு வந்தது?"

"அது ஃபிளெக்ஸ்ல இல்ல" என்றார் கடைக்காரர், பாய்லரைத் துடைத்தபடி. "ஆனா எல்லாருக்கும் ஓர்மை உண்டு."

அசனத்துக்கு முந்தின நாள் மாலை குணசீலன் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். ஒரு வருடமாக மிதிக்காத படி. உன் அம்மா உன்னை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய் ஒரு கிளாஸ் மோர் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

"குடியுங்க மாமா."

"இப்பத்தான் பிள்ளே சாயா குடிச்சேன்."

"சாயாக்கு மேல மோரு ஒண்ணும் செய்யாது." அவள் அங்கேயே நின்றாள். "பேடியா மாமா?"

அவர் கிளாஸைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். உன்னைக்கூடப் பார்த்தார். மோரில் தப்பில்லை என்று அவருக்குத் தெரியும். என் நாலு கட்டமும் தெரியும், கொண்டுவந்த ஐஸும் தெரியும். இருந்தும் கை எழவில்லை. அவர் ஊருக்குள் விட்ட பயம் அவர் தொண்டையிலும் போய் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்க எனக்கு எவ்வளவு இன்பமாக இருந்தது என்று மறைக்க மாட்டேன். கடைசியில் கஷாயம் குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக் குடித்தார்.

"நாளைக்கு நீ மோரு கொண்டு வரணும் மக்களே" என்றார் வாயைத் துடைத்துக்கொண்டு. "கமிட்டி கேட்டுக்குது."

"இல்ல மாமா. வீட்டுச் சாதனம் கொண்டு வரக்கூடாதுன்னு கமிட்டி தீர்மானமாக்கும். நான் சபைக்குக் கீழ்ப்படிஞ்சவ."

"அது... நான் நாளைக்கு மைக்குல திருத்திச் சொல்லுதேன்."

"சொல்லுங்க. கேக்க வாறேன்."

நேற்று அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்: "கடந்த வருஷம் உண்டான சில காரியங்களில், சில ஊகங்கள் யாருடைய மனதையாவது புண்படுத்தியிருந்தால், சபை வருந்துகிறது." சில. யாருடைய. சபை. எவனும் எதுவும் செய்யாத ஒரு வாக்கியம். மைக்கைப் பிடுங்கப் பாதி எழுந்துவிட்டேன். உன் அம்மா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருங்க. சோறு வரட்டு."

எங்கள் சபையில் கமிட்டிக்காரர்கள்தான் பந்தியில் விளம்பிப் பரிமாற வேண்டும். அது பழைய வழக்கம். செயலர் சாம்பார் வாளியோடு முன்னே வந்தார். நல்ல உச்சி வெயில். சோறு பாதி ஆனதும் எங்களுக்கு எதிரே இருந்த ஜெபசிங் சார் உன் அம்மாவைப் பார்த்து, "பிள்ளே, மோரு இல்லியா?" என்றார்.

உன் அம்மா இலையிலிருந்து நிமிரவில்லை. ஆனால் பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள். "செயலர் மாமாட்ட கேளுங்க சார்."

ஜெபசிங் சாருக்குப் பாடுகிற குரல். "செயலரே, மோரு எங்க?"

"இந்த வருஷம் இல்ல சார்."

"ஏன் இல்ல?"

"நான்... போன வருஷம் வேண்டாம்னு அறிவிப்பு குடுத்தேன்."

"ஏன் குடுத்தீரு?"

"மோருலதான் மஞ்சப்பித்தம்னு நெனச்சு."

"மோருலயா?"

வாளியிலிருந்து சாம்பார் மண்ணில் சொட்டியது. "இல்ல. மோருல இல்ல. நாரங்கா வெள்ளத்தில."

அடுத்த வரிசையில் ஒரு சைவ வீட்டுக்காரர். அவர் இந்தச் சண்டை ஒன்றும் அறியாதவர், உண்மையிலேயே தாகம். "அம்மா, மோரு உண்டா?" உன் அம்மா சாந்தமாக, "செயலர் மாமாட்ட கேளுங்க" என்றாள். அவரும் கேட்டார். செயலர் மறுபடியும் முதலிலிருந்து சொன்னார். நாலாவது முறையோ ஐந்தாவது முறையோ கேட்டது லில்லி அக்கா. அவளுக்குப் பக்கத்தில் பிரபின், இன்னும் கன்னம் ஒட்டிப்போய். அவள் கத்தவில்லை. "ஐஸ் யாரு செயலரே கொண்டு வந்தா? இவன் கேக்கட்டு."

"நாந்தான் லில்லி" என்றார் அவர்.

லில்லி அக்கா எங்கள் பக்கம் பார்த்தாள். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவளையும் நான் மன்னிக்கவில்லை, மக்கா. உன் அம்மா என்ன செய்தாள் என்று கேட்காதே, அது அவள் விஷயம்.

எங்கள் அசனத்துக்கு மூன்று பந்தி. உன் அம்மா முதல் பந்தியிலேயே சாப்பிட்டு, கை கழுவி வந்துவிட்டாள். போகலாமா என்று கேட்டேன். இல்லை என்று தலையசைத்தாள். பந்தல் ஓரத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, உன்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். வருகிறவர், போகிறவர் ஒவ்வொருவரும் மோர் கேட்டார்கள். ஒவ்வொருவரையும் அவரிடமே அனுப்பினாள். மூன்றாம் பந்தியில் கடைசி இலை எடுக்கும்வரை அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை அவள் அந்த நாற்காலியை விட்டு எழவில்லை.